என் பேரில் ஒரு தலைவலி

என் நாத்தனாருக்குத் தலைவலி வந்தால் வீட்டில் எல்லோரும் முதலில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். மாத்திரை எங்கே என்று தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. வேதியியலில் இருக்கிற படிப்பையெல்லாம் படித்து முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நேரில் "நீங்க, வாங்க, அக்கா", மனசுக்குள் "அவள்". மனசுக்குள் கூட மரியாதை கொடுத்தால் மூச்சு முட்டிவிடும். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லி அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறாள். தம்பிக்குக் கல்யாணமானதும் போனஸாக நானும் வந்து சேர்ந்தேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அவளுக்குத் தலைவலி மூன்று வருடமாக. இந்த இரண்டையும் முடிச்சுப் போட என் மாமியாருக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்தான் காரணம் என்றார். மாற்றினேன். பிறகு நான் குளிக்கிற சோப்பு. அதையும் மாற்றினேன். துணி துவைக்கிற பவுடர், முகத்துக்குப் போடும் கிரீம், தரை துடைக்கிற திரவம் என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. மாமியார் என் பக்கத்தில் வந்து நின்று மெல்ல மோந்து பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. நடுவில் டாக்டரிடம் போனார்கள். அவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டும் தலைவலி வந்தது. கடைசியில் வீட்டில் மாற்றாமல் மிச்சமிருந்தது நான் மட்டும்தான்.

மாமியார் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் இல்லை. ஆதாரத்தோடு பேசுவார். நான் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலைவலி கிடையாது. போன வருடக் கடைசியில் என் தங்கையின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் போயிருந்தேன். அந்த இரண்டு வாரமும் மகள் வெண்ணெய்க்கட்டி மாதிரி இருந்தாளாம். நான் திரும்பி வந்த அன்று சாயங்காலமே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அளவெடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கே அந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை உண்மையிலேயே நான்தானோ என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்த நாட்கள் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் கெட்டதிலும் ஒரு நல்லது. கல்யாணமான நாளிலிருந்து நான் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு சமையலறை. வைத்த கரண்டி வைத்த இடத்தில் இருக்கிற சமையலறை. இவரிடம் கேட்டால், "அம்மா சொன்னா போகலாம்" என்பார். அம்மா சொல்லவே மாட்டார் என்கிற தைரியம் அவருக்கு. இந்த வருடம் அம்மாவே சொல்லிவிட்டார். "அவளும் எத்தனை நாள்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா? நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்து பாருங்க." நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீடும் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது மாடி, இரண்டே அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்தின் சுவர். பார்க்கப் போன அன்றே பையிலிருந்து காற்றின் வேகம் அளக்கிற மீட்டரை எடுத்து ஜன்னலில் பிடித்துக் காற்று எப்படி வருகிறது என்று பார்த்தேன். சுமாராகத்தான் வந்தது. சுமாரான காற்றாக இருந்தாலும் என் காற்று. சாவி வாங்குவது ஒன்றுதான் பாக்கி.

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. "காத்து அளக்கிற வேலை" என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதுவும் தப்பில்லை. ஆராய்ச்சிக்கூடங்களில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய அலமாரி இருக்கும், ஹூட் என்பார்கள். நெடியடிக்கிற திரவங்களை அதற்குள் வைத்துத்தான் கையாள வேண்டும். மொட்டைமாடியில் இருக்கிற பெரிய மோட்டார் விசிறி, குழாய் வழியாக அந்த அலமாரியின் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்தால் அறைக் காற்று உள்ளே போகுமே தவிர, உள்ளேயிருக்கிற நெடி வெளியே வராது. காற்று சரியாகப் போகிறதா என்று காவல் காக்க அலமாரியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதுதான் மானிட்டர். எல்லாம் சரியென்றால் பச்சை விளக்கு. காற்று குறைந்தாலோ, அளவுக்கு மீறினாலோ சிவப்பு விளக்கும் காதைக் கிழிக்கிற ஒரு கூச்சலும்.

அந்த மானிட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை என்னைப் போல ஒருத்தி போய், கதவின் திறப்பில் பல இடங்களில் மீட்டரைப் பிடித்து, காற்றின் வேகத்தை அளந்து, "இப்ப ஓடுதே, இதுதான் சரி, இதுக்குக் கீழே போனா கத்து" என்று பொத்தானை அழுத்திச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்ததை அது அப்படியே நம்பும். தப்பாகச் சொல்லித்தந்தாலும் அதே பக்தியோடு நம்பும். எங்கள் மாமியாரைப் போல என்று சொல்ல வந்தேன். பெரியவர்களைப் பற்றி அப்படியெல்லாம் சொல்லக்கூடாது.

நாத்தனாரின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எங்கள் கம்பெனியிலிருந்து எப்போதும் போகிறவர் பச்சை விளக்கு. அவர் கை வைத்த மானிட்டர் சிவப்பாகி யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பட்டப்பெயர். போகிற இடத்தில் யார் மனசும் நோகக்கூடாது, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு நல்லபடியாக வந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த வருடம் பைக்கிலிருந்து விழுந்து முழங்காலில் கட்டோடு படுத்துவிட்டார். வேலை என் தலையில் விழுந்தது. அங்கே இருப்பது என் நாத்தனார், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். காற்றுக்கு உறவுமுறை தெரியாது, போய்ட்டு வாம்மா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காலையிலேயே வந்துவிடு, எனக்கு மத்தியானம் வேலை இருக்கிறது, மேஜைமேல் எதையும் தொடாதே என்று மட்டும் சொன்னாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். மாமியார் என்னைப் பார்த்தார்.

மறுநாள் நான் போனபோது அவள் ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். அறையைத் திறந்துவிட்ட காவலாளி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைத் தரையில் கொட்டியது போல லேசாக ஒரு வாசனை. இங்கே எப்பவும் இப்படித்தான் என்றார். ஹூட்டின் முன்னால் முதுகுச் சாய்வு வைத்த உயரமான ஒரு ஸ்டூல். அதன் மேல் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. எங்கள் வீட்டு சோபாவிலிருந்து காணாமல் போனது. அதை எடுத்ததும் நான்தான் என்று ஒருமாதம் பேச்சு வாங்கியிருந்தேன். ஸ்டூலுக்குப் பின்னால், பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் ஒரு டேபிள் ஃபேன். ஹூட்டைப் பார்த்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மானிட்டரில் பச்சை விளக்கு ஆனந்தமாக எரிந்தது.

நான் ஃபேனை நிறுத்தினேன். கதவை வேலை செய்கிற உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, ஸ்டாண்டில் மீட்டரைப் பொருத்தி, இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக அளந்துகொண்டே வந்தேன். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போக வேண்டிய காற்று, அதில் பாதியைத் தாண்டவே நொண்டியது. நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தேன். அரை மீட்டர், எல்லாம் சுகம் என்று அது பச்சையாகச் சொன்னது. மீட்டரில்தான் கோளாறோ என்று இன்னொரு மீட்டரை எடுத்து அளந்தேன். அதுவும் முதல் மீட்டரின் பக்கம்தான்.

பிறகு டேபிள் ஃபேனை மறுபடி போட்டு அளந்து பார்த்தேன். இடப்பக்கம் எகிறியது, வலப்பக்கம் குறைந்தது, எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் சொல்லி வைத்தாற்போல அரை மீட்டர். பச்சை விளக்கு செய்திருக்கிற காரியம் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து ஃபேன் தள்ளுகிற காற்றை அளந்துவிட்டு, ஹூட் உறிஞ்சுகிற காற்று இவ்வளவு என்று மானிட்டருக்குச் சொல்லித்தந்திருக்கிறார். ஃபேனை நிறுத்துங்கள் என்று நாத்தனாரிடம் சொல்லி அவள் மனசை நோகடிக்க அவருக்கு விருப்பமில்லை. அவளிடம் எதையாவது நிறுத்தச் சொல்வது லேசான காரியம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பையிலிருந்து புகைக்குழாயை எடுத்தேன். பேனா அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். ரப்பர் உருண்டையை அழுத்தினால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை போகிற வழிதான் காற்று போகிற வழி. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, ஹூட்டுக்குள் கொஞ்சம் புகை விட்டேன். ஃபேன் காற்று உள்ளே போய் பின்சுவரில் மோதித் திரும்பியது. புகை கதவின் கீழ்விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. வந்து நின்ற இடம், ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்தால் அவள் மூக்கு இருக்கிற இடம். பக்கத்துத் தட்டில் தலைவலி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்று வருடமாக நான் மாற்றிய எண்ணெய், சோப்பு, பவுடர் எல்லாம் ஞாபகம் வந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஃபோனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டு ஆதியோடந்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. எண்ணை அழுத்தப் போகிற நேரத்தில்தான் மூன்றாவது மாடி வீடு கண்முன்னால் வந்து நின்றது.

சொன்னால் என்ன ஆகும்? ஹூட்டைச் சரி செய்வார்கள். தலைவலி போய்விடும். நான் உத்தமி என்று தீர்ப்பாகும். "அப்புறம் எதுக்கும்மா தனிக்குடித்தனம்? எல்லாரும் ஒண்ணா இருக்கலாமே" என்று மாமியார் சொல்வார். இவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். அந்தச் சமையலறையும் சுவரைப் பார்த்த ஜன்னலும் அத்தோடு போயின. குற்றவாளியாக இருந்தால் வீடு கிடைக்கும், நிரபராதியாகிவிட்டால் கிடைக்காது. இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டில் இருக்கிறது?

சுலபமான வழியும் இருந்தது. ஃபேன் சுற்றட்டும். அங்கே எப்படி வேலை செய்கிறார்களோ அப்படியே அளந்தேன் என்று எழுதிவிட்டு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகலாம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஒட்டியதுதான். அடுத்த வருடம் பச்சை விளக்கின் முழங்கால் சரியாகிவிடும். நான் அந்தப் பச்சை ஸ்டிக்கரைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத் தாளை உரிக்கக்கூட ஆரம்பித்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குள் எனக்கே பொட்டில் லேசாகத் தெறித்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்காது. அதில் இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பிடிக்காத ஒருத்தி தினமும் விஷத்தை மோந்துகொண்டு, மாத்திரையை முழுங்கிக்கொண்டு, திருடிய தலையணையில் சாய்ந்துகொண்டு வேலை செய்வதைப் பார்த்த பிறகு கை வரவில்லை. பச்சை ஸ்டிக்கரைக் கசக்கிப் பையில் போட்டேன். ஹூட்டின் கண்ணாடியில், நடு நெற்றியில் ஒட்டுவது போல, சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். அவளையும் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

நாத்தனார் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது சிவப்பைத்தான். எதற்காக ஒட்டினாய், எத்தனை நாள் வேலை நிற்கும் தெரியுமா, மூன்று வருடமாகப் பாஸான ஹூட் நீ வந்த அன்றைக்கு மட்டும் எப்படி ஃபெயிலாகும் என்று அடுக்கினாள். குரலை உயர்த்தவில்லை. கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, "வீட்டுக் கணக்கை இங்க வந்து தீர்க்கறியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னேன். என்னமோ நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஹூட்டுக்குள் புகையை விட்டேன். அது சுற்றி வெளியே வந்து, அவள் மூக்குக் கண்ணாடியில் மெல்லப் படிந்தது.

அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படித்தவள். ஃபேனைத் திரும்பிப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், மாத்திரை அட்டையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மாடி மோட்டார் எரிந்துபோய்ச் சரி செய்தது தம்பி கல்யாணத்துக்கு அவள் லீவு போட்டிருந்த வாரம் என்றாள். திரும்பி வந்தபோது அறையில் நாற்றமாக இருந்ததாம். அதற்காகத்தான் ஃபேன் வாங்கினாளாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே விடுமுறை. நான் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த இரண்டு வாரமும் வருடக் கடைசிக்காக இந்தக் கட்டிடத்தையே பூட்டியிருந்தார்கள். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை; மூன்று வருடமாக அந்தக் காக்காய் நானாக இருந்திருக்கிறேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூவருமாக மொட்டைமாடிக்கு ஏறினோம். விசிறியின் உடம்பில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பெரிய அம்புக்குறி வரைந்திருந்தது. விசிறி அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரைச் சரி செய்தவர் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இந்த மாதிரி விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் காற்று உறிஞ்சும். அதனால் ஓடுகிறது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் வயர்களை இடம் மாற்றிப் பூட்டி சுவிட்சைப் போட்டார். விசிறி உறுமிக்கொண்டு சரியான பக்கம் சுற்றியது.

கீழே வந்தால் மானிட்டர் அலறிக்கொண்டிருந்தது. தலைகீழாகச் சுற்றிய நாளெல்லாம் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்த பெட்டி, காற்று ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் ஐயோ அதிகம் அதிகம் என்று சிவப்பில் குதித்தது. அதன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? ஃபேனை நிறுத்திவிட்டு முதலிலிருந்து அளந்து, அதற்குப் புதிதாகச் சொல்லித்தந்தேன். அது உடனே அதையும் நம்பியது. சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினேன். புகை விட்டுப் பார்த்தபோது, அது கோடு போட்ட மாதிரி நேராக உள்ளே போயிற்று. நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வீட்ல சொல்லப் போறியா?" என்றாள்.

"சொல்லாம? மூணு வருஷமா வாங்கின பேச்சு இருக்கு அக்கா."

"சொன்னா அம்மா உங்களை அனுப்ப மாட்டாங்க."

நான் மீட்டரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டிய வசனத்தை இவள் எப்படிச் சொல்கிறாள்?

"உனக்கு அந்த வீடு வேணும். எனக்கு உங்க ரூம் வேணும்" என்றாள். "என் ரூம் நடைபாதை மாதிரி இருக்கு. மொட்டைமாடிக்குப் போறவங்க, துணி எடுக்க வர்றவங்க, எல்லாரும் என் கட்டிலைத் தாண்டித்தான் போறீங்க. எனக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார ஆசை இருக்காதா? நீ கெட்டவ இல்ல. ஆனா ஒரே சமையலறையில உன்கூட நிக்க என்னால ஆகாது."

"எனக்கும் அதேதான்" என்றேன்.

மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. நீங்கள் கிளம்புகிற வரைக்கும் நான் தலைவலியோடு இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். இவரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. இவர் வயிற்றில் ரகசியம் தங்காது. அம்மா காபியை நீட்டினாலே கொட்டிவிடுவார். புறப்படும்போது அந்தத் தலையணையை எடுத்து என் கையில் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நாத்தனாருக்கு எல்லாப் படிப்பும் உண்டு, நடிப்பு மட்டும் வராது என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் ஒழுங்காக நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் மறந்துவிட்டது. மூன்று வருடத் தலைவலி போன மனுஷிக்கு உடம்பு காற்றாடி மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வரும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தம்பி சொன்ன உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள். நான் மேஜைக்கடியில் காலை மிதித்தால், திடுக்கிட்டு நெற்றியில் கை வைப்பாள். அதுவும் வலிக்கிற பக்கத்தை மாற்றி வைப்பாள்.

மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சாவி வாங்கியது திங்கட்கிழமை. மகள் பாட்டுப் பாட ஆரம்பித்தது வியாழக்கிழமை. அவருக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? தொலைபேசியில் அக்கா தங்கை ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னார். "நான் சொன்னேன்ல? இவ கிளம்பறான்னு முடிவானதும் தலைவலி பறந்துடுச்சு. இன்னும் போகக்கூட இல்ல, அதுக்குள்ள." குரலில் துளி வன்மம் கிடையாது. நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட டாக்டரின் நிம்மதிதான் இருந்தது.

நான் சமையலறையில் பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வாய்வரை வரும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மோட்டார், வயர், டேபிள் ஃபேன், பச்சை விளக்கு என்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். உடைத்துவிட்டு, சுற்றிய பாத்திரங்களைப் பிரித்துப் பழைய இடத்தில் அடுக்க வேண்டும். விழுங்கிக்கொண்டேன். வீடு கிடைக்கிற சந்தோஷத்தில் பாதியை அந்த விழுங்கலே தின்றுவிட்டது. யாரோ செய்த தப்பை நான்தான் செய்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு விடுதலையாகிப் போகிற கைதியைப் போல இருந்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆளோ, பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்த அன்று சாமான்களை ஏற்றி முடிக்க மத்தியானமாகிவிட்டது. கட்டில், பீரோ, பாத்திரப் பெட்டிகள், கடைசியாக அந்தத் தலையணை. இவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். என்னிடமிருந்த பழைய வீட்டுச் சாவியை மாமியாரிடம் கொடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை.

"மனசுல எதுவும் வெச்சுக்காதேம்மா" என்றார். "உன்மேல குத்தம்னு நான் சொல்லவே மாட்டேன். சில பேர் காத்து சில பேருக்கு ஒத்துக்காது. அவ்வளவுதான்."

டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காற்று அளக்கிற என்னிடம் காற்றைப் பற்றி. சரி அத்தை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது நாத்தனார் படியிறங்கி வந்தாள். கையில் டேபிள் ஃபேன். ஆராய்ச்சிக்கூடத்தில் இதற்கு இனி வேலையில்லை, உங்கள் சமையலறைக்கு ஆகும் என்று ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நின்று, இரண்டு விரலைப் பொட்டில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை சரியான பக்கம்.

"அம்மா, தலை வலிக்குது."

மாமியார் திரும்பினார். "இப்பவா?"

"இப்பத்தான். விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"இவதான் கிளம்பிட்டாளே?"

"ஆமா" என்றாள் நாத்தனார். "இவ வண்டியில உக்காந்தாச்சு. இப்பதான் ரொம்ப வலிக்குது. இவளால இல்லை போலிருக்கேம்மா."

எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். மாமியார் வண்டியைப் பார்த்தார், காலியான எங்கள் அறையின் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை. நாத்தனார் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடிப்பு வராது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பாவம் அக்கா, திரும்ப ஆரம்பிச்சுடுச்சு என்று இவர் வருத்தப்பட்டார். நான் மடியிலிருந்த ஃபேனைக் கட்டிக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. தெருமுனையில் வண்டி திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டு, தன் கையை மூக்கருகே கொண்டுபோய் மெல்ல மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.